ஈஎஸ்ஏயிலிருந்து யுனிவர்சல் கிரெடிட்டுக்கு எந்த நாளில் மாறுவது?

கேள்வி இது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் கவுன்சில் வீட்டில் தனியாக இருக்கும் 58 வயது மாமி வருமான அடிப்படையிலான ஈஎஸ்ஏ, அதாவது நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான பழைய அரசு உதவித்தொகை, வாங்குகிறார். அதில் வேலை தேடவே தேவையில்லாத அளவுக்கு நோயுள்ளவர்களின் சப்போர்ட் குரூப்பில் இருக்கிறார். இயலாமைக்கான பிஐபி உதவித்தொகையில், அன்றாடக் காரியங்களுக்கு உதவி தேவைப்படுபவர்களுக்கான டெய்லி லிவிங் பகுதி கிடைக்கிறது. வாடகை முழுவதையும் ஹவுசிங் பெனிஃபிட் கட்டுகிறது. 2025 செப்டெம்பர் 22ஆம் தேதியிட்ட மைக்ரேஷன் நோட்டீஸ் வந்திருக்கிறது. இந்தப் பழைய உதவிகளுக்குப் பதிலாக வந்த யுனிவர்சல் கிரெடிட்டுக்கு டிசம்பர் 22க்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உடனே போடுவதா, கடைசி நாள்வரை இழுப்பதா, எதில் மாமிக்குக் காசு குறையாது என்று மருமகன் கேட்கிறார்.

அதே வயது, அதே நோய், அதே தெரு என்று இருக்கும் இரண்டு பேருக்குக்கூட இதில் நேர்மாறான பதில் சொல்ல வேண்டி வரும். எது சரி என்பதை ஈஎஸ்ஏ கணக்குத் தாளில் உள்ள ஒரே ஒரு வரி தீர்மானிக்கிறது: சிவியர் டிசபிலிட்டி பிரீமியம், அதாவது தனியாக வாழும் கடும் இயலாமை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஏயோடு சேரும் கூடுதல் தொகை. ஆகவே விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் அந்தத் தாளைக் கையில் எடுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரலுக்கு முன்னர் வரும் கடிதத்தில் தொகை பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். கடிதம் தொலைந்திருந்தால் ஈஎஸ்ஏ பகுதிக்குப் போன் செய்து, தொகை எந்தெந்தப் பகுதிகளால் ஆனது என்று எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மொத்தத் தொகையை மட்டும் கேட்டால் பயனில்லை.

2025–26 வீதங்களை வைத்துப் பார்ப்போம். 25 வயதுக்கு மேற்பட்ட தனியாளுக்கு ஈஎஸ்ஏ அடிப்படைத் தொகை வாரம் 92.05 பவுண்டு. சப்போர்ட் குரூப்புக்கு 48.50. சப்போர்ட் குரூப்பில் இருப்பதாலேயே கிடைக்கும் என்ஹான்ஸ்ட் டிசபிலிட்டி பிரீமியம் 21.20. மூன்றும் சேர்ந்து வாரம் 161.75, மாதக் கணக்கில் 700.92. இதே ஆளுக்கு யுனிவர்சல் கிரெடிட்டில் ஸ்டாண்டர்ட் அலவன்ஸ் 400.14, வேலை செய்ய முடியாத நிலைக்கான உடல்நலத் தொகை 423.27, ஆக மாதம் 823.41. அதாவது புதிய முறையில் 122.49 பவுண்டு கூடுதல். இப்படிப்பட்டவர் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தக் காசு கைவிட்டுப் போகிறது. சிவியர் டிசபிலிட்டி பிரீமியம் கிடைக்கவில்லை, கிடைக்கவும் தகுதியில்லை என்றால், கடிதம் வந்த அதே வாரத்தில் விண்ணப்பிப்பதுதான் சரி.

மாமியின் தாளில் அந்தப் பிரீமியம் இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. அது வாரம் 82.90. ஈஎஸ்ஏ மொத்தம் வாரம் 244.65, மாதத்துக்கு 1,060.15. யுனிவர்சல் கிரெடிட் அதே 823.41தான், ஏனென்றால் புதிய முறையில் அந்தப் பிரீமியத்துக்கு இணையான பகுதி கிடையாது. குறையும் 236.74 பவுண்டை ஈடுகட்டத்தான் டிரான்சிஷனல் புரொடெக்‌ஷன், அதாவது இடைமாற்றப் பாதுகாப்பு இருக்கிறது. மைக்ரேஷன் நோட்டீஸ் பெற்று, கெடுவுக்குள் விண்ணப்பித்தவருக்கு அந்த வித்தியாசம் மாதாமாதம் ஒரு தனித் தொகையாகச் சேர்க்கப்படும். வாடகை இரண்டு முறையிலும் முழுதாக வருவதால் இந்தக் கணக்கில் அது ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பிஐபியை யாரும் தொட மாட்டார்கள். அது வருமானமாகவும் கணக்கில் வராது.

இந்தப் பாதுகாப்புத் தொகை எந்த நாளைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. விண்ணப்பம் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளில் பழைய முறையில் என்ன கிடைத்துக்கொண்டிருந்ததோ அதை ஒரு பக்கமும், அதே நாளின் நிலைமைக்குப் புதிய முறையில் என்ன கிடைக்குமோ அதை மறுபக்கமும் வைத்து, வித்தியாசத்தை எடுக்கிறார்கள். ஒரே ஒரு நாளின் நிழற்படம் மாதிரி. அந்த நாளில் பழைய கணக்கில் ஒரு வரி விடுபட்டிருந்தால் பாதுகாப்பிலும் அது விடுபடும். பிறகு திருத்தச் சொல்லிப் போராடுவது நீண்ட வேலை. எனவே பழைய கணக்கை முதலில் நேராக்குங்கள், அதன் பிறகு விண்ணப்பியுங்கள். மூன்று மாத அவகாசத்தை இதற்குத்தான் பயன்படுத்த வேண்டும்.

சிவியர் டிசபிலிட்டி பிரீமியம் தானாக வருவதில்லை. தகுதி இருந்தும் அது கிடைக்காமல் இருப்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். காரணம் எளிது: பிஐபி கிடைத்த பிறகு ஈஎஸ்ஏ பகுதியிடம் தனியாகச் சொல்லி, ஐஎஸ்10 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும் என்பது யாருக்கும் தெரிவதில்லை. தனியாளுக்கு நிபந்தனைகள் மூன்று. பிஐபி டெய்லி லிவிங், அல்லது பிஐபிக்கு முந்தைய டிஎல்ஏ உதவித்தொகையில் பராமரிப்புப் பகுதியின் நடு அல்லது உயர் வீதம் கிடைக்க வேண்டும். வீட்டில் வேறு வயதுவந்தவர் வசிக்கக் கூடாது. இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. மாமியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி யாரும் கேரர்ஸ் அலவன்ஸோ யுனிவர்சல் கிரெடிட்டின் கேரர் தொகையோ வாங்கக் கூடாது. மாமி தனியாக இருக்கிறார், டெய்லி லிவிங் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதை மட்டும் விசாரித்துப் பாருங்கள். மூன்றும் பொருந்தியும் தாளில் அந்த வரி இல்லையென்றால், இன்றைக்கே ஈஎஸ்ஏ பகுதிக்குப் போன் செய்து படிவம் கேளுங்கள். விண்ணப்பத்தை அதுவரை நிறுத்தி வையுங்கள். பிஐபி கிடைத்த நாளிலிருந்து நிலுவையும் வரக்கூடும்.

பிஐபி விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் இருப்பவர்களுக்கும் இதே நிலைமைதான். கெடு நெருங்குகிறது, முடிவு வரவில்லை என்றால், கெடுவை நீட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். மைக்ரேஷன் நோட்டீஸுக்கென்றே இலவச எண் இருக்கிறது: 0800 169 0328. நீட்டக் கேட்பதைக் கெடு நாளுக்கு முன்பே கேட்க வேண்டும். கடிதம் மூலமோ மின்னஞ்சலிலோ உறுதி வரும்வரை, நீட்டித்தாயிற்று என்று நம்பி இருக்காதீர்கள். போன் செய்த தேதி, நேரம், பேசியவரின் பெயர் மூன்றையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். மாமிக்கு ஆங்கிலம் வசப்படாது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இதில் பலர் ஏமாறும் இன்னொரு இடம் உண்டு. மாமியை நீங்களோ மகளோ வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2025–26இல் கேரர்ஸ் அலவன்ஸ் வாரம் 83.30 பவுண்டு. அதை மாறுவதற்கு முன்னால் எடுத்தால் மாமியின் பிரீமியம் போய்விடும். நிழற்படத்தில் அது விழாது. பாதுகாப்புத் தொகையும் வராது. மாமி யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறி, பாதுகாப்புத் தொகை முதல் கணக்கில் ஏறிய பிறகு எடுத்தால், அந்தத் தொகை அதனால் குறையாது. செய்யும் வேலை அதே வேலைதான், முன்பின் மாறுவதில் மாதம் 236.74 பவுண்டு வித்தியாசம். உண்மையிலேயே பராமரிப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எடுக்கும்போது மாறிய நாளுக்கு முந்தைய தேதியிலிருந்து கேட்காதீர்கள்.

இனி கெடு பற்றி. கடிதத்தில் இருக்கும் டிசம்பர் 22க்குள் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட வேண்டும். கணக்குத் திறந்தால் போதும் என்று நினைக்கிறார்கள், போதாது. எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லி, சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தும் நாள்தான் விண்ணப்ப நாள். கெடு தவறினால் பழைய காசு நின்றுவிடும், ஆனால் இன்னொரு வாசல் கொஞ்சம் திறந்திருக்கும். கெடு நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், மாமிக்கு ஜனவரி 21க்குள், விண்ணப்பித்தால் பணம் டிசம்பர் 22இலிருந்து கணக்கிடப்படும், பாதுகாப்பும் கிடைக்கும். அதற்கு அடுத்த நாள் போட்டால் யுனிவர்சல் கிரெடிட் மட்டும்தான். இந்த ஒரு மாதத்தை அவகாசமாக எண்ணித் திட்டமிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கும் கடிதம் கைக்கு வராதவர்களுக்கும் அது உயிர்நாடி.

கடைசி நாள்வரை இழுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்துக்குப் பிறகு அடையாளச் சரிபார்ப்பு, வாடகைச் சான்று, ஜாப் சென்டர் சந்திப்பு என்று வரிசையாக வரும். ஒரு சந்திப்பைத் தவறவிட்டு விண்ணப்பம் மூடப்பட்டால், மறுபடி போடக் கெடுவுக்குள் நாள் மிச்சமிருக்க வேண்டும். தம்பதிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். முதலில் விண்ணப்பிப்பவருக்கு ஒரு இணைப்புக் குறியீடு தருவார்கள். மற்றவர் அதைப் போட்டுத்தான் தன் பகுதியை நிரப்ப வேண்டும். குறியீட்டைப் போடாமல் தனியாகத் தொடங்கினால் இரண்டு தனியாட்களின் விண்ணப்பமாகப் பதிவாகிவிடும், பாதுகாப்பு சிக்கலில் விழும்.

மாமிக்கு நான் சொல்லும் நாள் நவம்பர் 20, வியாழன். அக்டோபர் முழுவதும் கணக்குத் தாளைச் சரிபார்க்கவும் ஐஎஸ்10 அனுப்பவும் இருக்கிறது. நவம்பர் 20க்கும் கெடுவுக்கும் இடையில் முழுசாக ஒரு மாதம் கையிருப்பு இருக்கும். யுனிவர்சல் கிரெடிட் விண்ணப்ப நாளிலிருந்து மாதம் மாதமாக ஓடும். நவம்பர் 20இல் போட்டால் முதல் கணிப்பு மாதம் நவம்பர் 20 முதல் டிசம்பர் 19 வரை. காசு அது முடிந்து ஏழாம் நாள், அதாவது 26ஆம் தேதி. டிசம்பர் 25, 26 வங்கி விடுமுறை என்பதால் முதல் காசு 24ஆம் தேதியே வந்துவிடும். அதன் பிறகு மாதந்தோறும் 26. விண்ணப்ப நாளோடு ஆறைக் கூட்டினால் அடுத்த மாதக் காசு நாள் என்று மனதில் வைத்துக்கொண்டு, வாடகையும் டைரக்ட் டெபிட்களும் போகும் நாளுக்குச் சற்று முன்னால் காசு விழும்படி நாளைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அந்த நாளை மாற்ற முடியாது.

நடுவில் வரும் ஐந்து வாரம்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. ஈஎஸ்ஏ வாங்கியவருக்கு அது அவ்வளவு மோசமில்லை. விண்ணப்பித்த பிறகும் இரண்டு வாரத்துக்கு ஈஎஸ்ஏயும் ஹவுசிங் பெனிஃபிட்டும் தொடர்ந்து வரும். கேட்க வேண்டியதில்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, யுனிவர்சல் கிரெடிட்டில் கழிக்கவும் மாட்டார்கள். மாமிக்கு அது 489.30 பவுண்டு, வாடகை தனி. ஏறத்தாழ டிசம்பர் 3 வரை அது தாங்கும். அங்கிருந்து 24 வரை மூன்று வாரம். கையில் ஒன்றுமில்லை என்றால் அட்வான்ஸ் கேட்கலாம். முதல் மாதத் தொகை முழுவதும்கூடத் தருவார்கள், வட்டி இல்லை. 24 மாதம்வரை பிரித்துக் கழிப்பார்கள். ஆனால் தருகிறார்கள் என்பதற்காக முழுவதையும் வாங்காதீர்கள். 300 பவுண்டு வாங்கினால் 24 மாதத்துக்கு மாதம் 12.50. ஆயிரம் வாங்கினால் மாதம் 41 சொச்சம், இரண்டு வருடத்துக்கு. பழைய கடன் ஏதாவது இருந்தால் அதையும் அட்வான்ஸையும் சேர்த்து ஸ்டாண்டர்ட் அலவன்ஸில் 15 வீதத்துக்கு மேல் பொதுவாகக் கழிப்பதில்லை. மாமிக்கு அந்த எல்லை மாதம் 60 பவுண்டு.

மாமிக்குப் பங்களிப்பு அடிப்படையிலான ஈஎஸ்ஏயும் கலந்து வருகிறதா என்று அதே தாளில் பாருங்கள். முன்பு வேலை செய்து நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டியவர்களுக்கு இரண்டும் ஒரே காசாக வரும். வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. மாறும்போது பங்களிப்புப் பகுதி நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ என்ற பெயரில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தனியாகத் தொடரும். யுனிவர்சல் கிரெடிட்டில் அதே அளவு கழிக்கப்படும். மொத்தம் மாறாது. ஆனால் முதல் மாதக் கணக்கைப் பார்த்து, ‘அறுநூறு பவுண்டைக் காணவில்லை’ என்று கலங்குவார்கள். வங்கிக் கணக்கில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது, புதிய முறையின் அலுவலர்களே அடிக்கடி தவறும் இடம். சப்போர்ட் குரூப்பில் இருந்தவருக்கு உடல்நலத் தொகை 423.27 முதல் மாதத்திலிருந்தே வர வேண்டும். புதிதாக நோயென்று சொல்லி வருபவர்களுக்கு மூன்று மாதக் காத்திருப்பு உண்டு, நோய்ச் சான்றான டாக்டரின் ஃபிட் நோட் வேண்டும், நோய் விவரம் கேட்கும் யுசி50 படிவம் நிரப்ப வேண்டும். மாமிக்கு இது ஒன்றும் தேவையில்லை. ஆனால் விண்ணப்பம் புதியது என்பதால் சிஸ்டம் அவரையும் புதியவராக நடத்தி, ஃபிட் நோட் கொண்டுவரச் சொல்லி ஜர்னலில், அதாவது ஆன்லைன் கணக்கின் செய்திப் பக்கத்தில், செய்தி போடும். அப்படி வந்தால் பதற வேண்டாம். ஜர்னலில் இப்படி எழுதுங்கள்: நான் விண்ணப்ப நாளுக்கு முந்தைய நாள்வரை ஈஎஸ்ஏ சப்போர்ட் குரூப்பில் இருந்தேன், 2014ஆம் ஆண்டின் இடைமாற்ற ஒழுங்குவிதிகளில் 19ஆம் விதிப்படி என் நிலை அப்படியே தொடர வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு வரி போதும். கூடவே சப்போர்ட் குரூப் என்று சொல்லும் கடிதத்தின் படத்தையும் ஏற்றிவிடுங்கள். சப்போர்ட் குரூப்பில் இல்லாமல் வேலைக்குத் தயாராகும் குழுவில் இருப்பவர்களுக்கும் நிலைமை தொடரும். கூடுதல் தொகை 2017 ஏப்ரலுக்கு முன்பிருந்தே அந்தக் குழுவில் இருப்பவர்களுக்குத்தான்.

விண்ணப்பத்தில் உள்ள போன் நம்பரும் மின்னஞ்சலும் யாருடையவை என்பதில் கவனம் வேண்டும். மருமகனின் நம்பரைப் போட்டுவிட்டு, அவர் சிம் மாற்றியதும் கணக்குக்குள் நுழைய முடியாமல் போன வீடுகள் உண்டு. மாமியின் நம்பர், மாமியின் வங்கிக் கணக்கு. நீங்கள் அவருக்காகப் பேச வேண்டுமென்றால் மாமியின் ஒப்புதல் ஜர்னலில் எழுத்தில் இருக்க வேண்டும்: யார், என்ன உறவு, எதைப் பற்றிப் பேசலாம். பழைய முறையில் போனில் மாமி ‘ஓம்’ என்று சொன்னால் போதுமாக இருந்தது. இங்கே ஒவ்வொரு விஷயத்துக்கும் தெளிவான ஒப்புதல் கேட்பார்கள். ஆன்லைன் வேண்டாமென்றால் போனிலேயே விண்ணப்பிக்கலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸின் ஹெல்ப் டு கிளெய்ம் சேவை, இங்கிலாந்தில் 0800 144 8444, முதல் காசு வரும்வரை இலவசமாக உதவும்.

வாடகை விஷயத்தை மறக்காதீர்கள். இதுவரை கவுன்சில் தன் கணக்கிலேயே வரவு வைத்த வாடகை, இனி மாமியின் கைக்கு வரும். அதை மாமியே கட்ட வேண்டும். மறதி, கடன், மனநோய் போன்ற காரணம் இருந்தால் வாடகையை நேராக வீட்டுக்காரருக்கு அனுப்பச் சொல்லி ஜர்னலில் கேளுங்கள். முதல் மாதத்தில் வாடகைக் கணக்கு பாக்கி காட்டும். விண்ணப்பித்த அன்றே ஹவுசிங் ஆபிஸுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் எச்சரிக்கைக் கடிதம் வராது. கவுன்சில் டாக்ஸ் தள்ளுபடி யுனிவர்சல் கிரெடிட்டில் அடங்காது. அது கவுன்சிலிடம் தனியாகப் பதியப்பட்டிருக்க வேண்டும். ஹவுசிங் பெனிஃபிட் நின்றதும் சேர்ந்தே நின்றுவிடுவது உண்டு, ஆகவே அதே வாரம் உறுதி செய்யுங்கள்.

பாதுகாப்புத் தொகை கிடைத்த பிறகு அது எப்படிக் கரையும் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். புதிய முறையின் வேறெந்தப் பகுதி கூடினாலும் அதே அளவுக்குப் பாதுகாப்பு குறையும். குழந்தை பராமரிப்புச் செலவு மட்டும் விதிவிலக்கு. உதாரணத்துக்கு 2025 ஏப்ரலில் ஸ்டாண்டர்ட் அலவன்ஸ் 393.45இலிருந்து 400.14 ஆனது, உடல்நலத் தொகை 416.19இலிருந்து 423.27 ஆனது. இரண்டும் சேர்ந்து 13.77 கூடியது. மார்ச்சுக்கு முன் மாறி, பாதுகாப்பு வாங்கிக்கொண்டிருந்தவரின் பாதுகாப்பில் 13.77 குறைந்தது, கையில் ஒரு பென்னிகூடக் கூடவில்லை. அப்போது ஈஎஸ்ஏயில் இருந்தவருக்கு, மாமியின் நான்கு பகுதிகளும் சேர்ந்து வாரம் 240.55இலிருந்து 244.65 ஆகின, மாதத்துக்கு 17.77 உயர்வு. அவர் ஏப்ரலுக்குப் பின் மாறியபோது அந்த உயர்வும் நிழற்படத்தில் விழுந்தது. ஒரு வருடத்தில் 213 பவுண்டு. கெடு ஏப்ரலுக்கு அந்தப் பக்கம் விழுபவர், பிரீமியமும் உள்ளவர் என்றால், ஏப்ரல் உயர்வு வந்த பிறகு போடுவதே நல்லது. கவுன்சில் வாடகை ஏறினாலும் இதே கதை: வாடகைப் பகுதி கூடும், பாதுகாப்பு அதே அளவு இறங்கும். இதை மாமிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏப்ரலில் கணக்கைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார்.

முழுவதும் போய்விடும் சந்தர்ப்பங்கள் வேறு. துணையோடு சேர்ந்து வாழத் தொடங்கினாலோ பிரிந்தாலோ பாதுகாப்பு முடிந்தது. யுனிவர்சல் கிரெடிட் நின்றுபோனாலும் முடிந்தது. சம்பளம் கூடியதால் நின்று, மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

நம்மவர்களுக்கு இங்கேதான் பெரிய குழி இருக்கிறது: ஊருக்குப் போவது. யுனிவர்சல் கிரெடிட் வாங்குபவர் ஒரு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருக்க முடியாது. நெருங்கிய உறவினரின் மரணம் என்றால் இன்னும் ஒரு மாதம்வரை நீளலாம், வைத்தியத்துக்குப் போனால் ஆறு மாதம்வரை. நல்லூர்த் திருவிழா 25 நாள். போக்குவரத்தோடு ஒரு மாதத்துக்குள் அடங்கும், ஆனால் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே போய், தீர்த்தம் முடிந்தும் இரண்டு கிழமை நின்றால் அடங்காது. ஆறு வாரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் போனால், போன நாளிலிருந்தே தகுதி போகும். அதோடு பாதுகாப்பும் போகும், திரும்பி வந்து புதிதாகப் போட்டாலும் அது வராது. மாதம் 236 பவுண்டை ஒரு பயணத்துக்காக நிரந்தரமாக இழக்க வேண்டாம். கெடு நாளுக்குள் பயணம் இருந்தால், வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க முடியாது என்பதையும் சந்திப்புகள் உள்ளூரில்தான் என்பதையும் நினைத்து, பயணத்தை முன்னோ பின்னோ தள்ளுங்கள்.

சேமிப்பு விஷயமும் இதே போல. ஈஎஸ்ஏயிலும் யுனிவர்சல் கிரெடிட்டிலும் எல்லை 16,000 பவுண்டு. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 கழிப்பார்கள். புதிய விண்ணப்பம் என்பதால் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்பார்கள், வங்கித் தாள்களைப் பார்ப்பார்கள். சீட்டு எடுத்த காசு வங்கியில் கிடந்தால் அது சேமிப்பு. யாழ்ப்பாணத்து வங்கியில் உள்ள நிலையான வைப்பு சேமிப்பு. மாமியின் பெயரில் ஊரில் காணி இருந்தால் அதன் சந்தைப் பெறுமதியும் சேரும்; விற்கும் செலவுக்குப் பத்து வீதம் கழித்துக்கொள்வார்கள். கழுத்தில் கிடக்கும் தாலிக்கொடியும் கைவளையும் தனிப்பட்ட உடைமைகள், அவை கணக்கில் வராது. விண்ணப்பத்துக்கு முன் காசைப் பிள்ளைகளின் கணக்குக்கு மாற்றுவது உதவாது: வேண்டுமென்றே குறைத்ததாகக் கருதி, காசு இன்னும் இருப்பதாகவே கணக்கிடுவார்கள்.

மாமியின் நிலையில் இல்லாதவர்களுக்குச் சில வார்த்தை. சம்பளத்தோடு ஹவுசிங் பெனிஃபிட் வாங்குபவர், சம்பள நாளுக்கு நான்கைந்து நாள் தள்ளி விண்ணப்பிப்பது நல்லது. சம்பளம் 28ஆம் தேதி, கணிப்பு மாதமும் 28இல் தொடங்குகிறது என்றால், வார இறுதியின் காரணமாகச் சம்பளம் 26இலேயே வரும் மாதத்தில் இரண்டு சம்பளம் ஒரே கணிப்பு மாதத்தில் விழும். அந்த மாதம் காசு சரிந்துவிடும். நான்கு தாய்மார் தொடர்ந்த வழக்கில் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது நியாயமற்றது என்று தீர்த்தது. அதன் பிறகு மாதச் சம்பளக்காரருக்கு ஒரு சம்பளத்தை வேறு மாதத்துக்கு மாற்ற வழி வந்தது. ஆனால் நான்கு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் வாங்குபவர்களுக்கு அந்த வழி இல்லை. வருடத்தில் ஒரு மாதம் இரட்டைச் சம்பளம் விழத்தான் செய்யும். கடை, டாக்சி என்று சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு மாறிய முதல் 12 மாதம், உண்மையான வருமானத்தையே எடுப்பார்கள். அதற்குப் பிறகு குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்றை வைத்துக் கணக்கிடுவார்கள்.

கணவருக்கு எழுபத்தைந்து, மனைவிக்கு அறுபது என்று ஒருவர் மட்டும் ஓய்வூதிய வயதைத் தாண்டிய வீடுகள் கவனமாக இருக்க வேண்டும். 2019 மே 15க்கு முன்பிருந்தே பென்ஷன் கிரெடிட்டோ முதியோருக்கான ஹவுசிங் பெனிஃபிட்டோ இடைவிடாமல் வாங்குபவர்கள் அதிலேயே தொடரலாம். அது ஒரு நாள் அறுந்தாலும் திரும்ப நுழைய முடியாது. அவர்கள் யுனிவர்சல் கிரெடிட் பொத்தானை அழுத்தவே கூடாது.

முதல் காசுக்குச் சில நாள் முன்பே ஜர்னலில் கணக்குத் தாள் வரும். அதில் நான்கு வரிகளைப் பாருங்கள்: ஸ்டாண்டர்ட் அலவன்ஸ் 400.14, உடல்நலத் தொகை 423.27, வாடகை, பாதுகாப்புத் தொகை 236.74. வாரவாடகையை 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்ததுதான் வாடகை வரியில் இருக்க வேண்டும். பாதுகாப்பு வரி இல்லையென்றால், கவுன்சிலிடமிருந்து ஹவுசிங் பெனிஃபிட் விவரம் இன்னும் வந்து சேராதது காரணமாக இருக்கலாம்; ஜர்னலில் அன்றே கேளுங்கள். வரி இருந்தும் தொகை குறைவென்றால், எந்தெந்தப் பழைய தொகைகளை எடுத்தீர்கள் என்று விளக்கம் கேட்டு, மாமியின் ஈஎஸ்ஏ தாளோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பிரீமியம்தான் விடுபட்டிருக்கும். பதில் திருப்தியில்லை என்றால் முடிவு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன், அதாவது முடிவின் மறுபரிசீலனை, கேட்க வேண்டும். அந்த ஆங்கிலச் சொல்லையே ஜர்னலில் எழுதி, ஈஎஸ்ஏ தாளின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.